அண்ணனின் கையும் தங்கையின் காலும்

வாசகர் கேள்வி – பதில்: உடற்பயிற்சியும் உடலியலும்

கேள்வி: ஐயா, நான் இரண்டு ஆண்டுகளாக ஜிம்முக்குச் சென்று முறையாகப் பளு தூக்கிப் பயிற்சி செய்து வருகிறேன். என் அண்ணனுக்கும் உடற்பயிற்சிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பகலில் அலுவலக நாற்காலி, இரவில் கைப்பேசி என்பதே அவர் வாழ்க்கை. ஆனாலும் பஞ்சா போட்டால் ஒவ்வொரு முறையும் அவரே என் கையைச் சாய்க்கிறார். அதே அண்ணனை ஜிம்முக்கு அழைத்துச் சென்று ஸ்குவாட் (தோளில் எடையோடு குத்தவைத்து எழுவது) செய்யச் சொன்னால், நான் தூக்கும் எடையில் பாதிக்கே அவர் முழங்கால் நடுங்குகிறது. யாருக்கு வலிமை அதிகம் என்பது வீட்டில் தீராத வழக்காக இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல வேண்டும்.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இரு தரப்பும் சரிதான் என்று சொல்லி நழுவிவிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் நீங்கள் வீட்டில் கண்ட முடிவும் ஜிம்மில் கண்ட முடிவும் ஆய்வுக்கூடங்களில் கிடைத்த அளவுகளோடு அப்படியே பொருந்துகின்றன. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான வலிமை வேறுபாடு உடல் முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. தோள், மார்பு, கை ஆகிய மேலுடம்பில் அது மிகுதியாகவும், இடுப்பு, தொடை ஆகிய கீழுடம்பில் அதைவிடக் குறைவாகவும் இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களின் மேலுடம்பு வலிமை ஆண்களுடையதில் 52 விழுக்காடாகவும், கீழுடம்பு வலிமை 66 விழுக்காடாகவும் இருந்தன. எட்டு ஆண்களும் எட்டுப் பெண்களும் மட்டுமே பங்கேற்ற சிறிய ஆய்வுதான் அது என்றாலும், பின்னர் வந்த பெரிய ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன.

உங்கள் வழக்குக்கு இன்னும் நெருக்கமான சான்று ஜெர்மனியிலிருந்து 2007இல் வெளியானது. 20 முதல் 25 வயதுக்குட்பட்ட 1,654 ஆண்களும் 533 பெண்களும், கைப்பிடியின் விசையை அளக்கும் கருவியான பிடிவலிமைமானியை அழுத்தினர். ஆண்களின் சராசரி 541 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 55 கிலோ எடைக்குச் சமமான விசை. பெண்களின் சராசரி 329 நியூட்டன். ஜூடோ, ஹேண்ட்பால் போன்ற, கைப்பிடியே உயிர்நாடியாக உள்ள விளையாட்டுகளில் உயர்நிலை வீராங்கனைகளான 60 பெண்களையும் தனியாக அளந்தபோது, அவர்களின் சராசரி 444 நியூட்டனாக உயர்ந்தது. சாதாரணப் பெண்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் என்பது பயிற்சியின் பெரும் சாதனைதான். ஆயினும் அந்த 444 நியூட்டன், பயிற்சி பெறாத ஆண்களை வரிசையாக நிறுத்தினால் கீழிருந்து நான்கில் ஒரு பங்கு தூரத்தில் நிற்பவரின் அளவுக்குத்தான் வந்தது. உங்கள் அண்ணன் பஞ்சாவில் வெல்வது சோம்பலுக்குக் கிடைத்த பரிசு அன்று. பருவ வயதில் உடல் இலவசமாகக் கொடுத்த முன்கைத் தசைக்குக் கிடைத்த வெற்றி.

கீழுடம்பில் அந்த இலவச முதலீடு சிறியது என்பதால், இரண்டு ஆண்டுப் பயிற்சி அதை எளிதில் தாண்டிவிடுகிறது. ஸ்குவாட்டில் நீங்கள் வெல்வதற்கு அதுவே காரணம். ஆகவே என் தீர்ப்பு: கைக்கு அண்ணன், காலுக்கு நீங்கள். அவரும் ஆறு மாதம் பயிற்சி செய்தால் வழக்கை மறுபடி விசாரிக்க நேரலாம் என்பதையும் சொல்லி வைக்கிறேன். இன்னொன்று: பஞ்சா போடும்போது தோற்கும் தறுவாயில் உடலையும் முகத்தையும் கையிலிருந்து வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இழுக்காதீர்கள். மேற்கை எலும்பு முறுக்கிக்கொண்டு உடைவது பெரும்பாலும் அந்த நிலையில்தான்; கண் எப்போதும் பிடித்திருக்கும் உங்கள் கையைப் பார்த்தபடி இருக்கட்டும்.

கேள்வி: வலிமை, திறன் என்று இரண்டையும் விளையாட்டு வர்ணனையாளர்கள் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ஒன்றல்ல. எவ்வளவு விசையை உடலால் செலுத்த முடியும் என்பது வலிமை. அந்த விசையை எவ்வளவு வேகத்தில் செலுத்த முடியும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைப்பது திறன். 50 கிலோ எடையை ஒரு மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 490 ஜூல் வேலை செய்ய வேண்டும். அதை இரண்டு விநாடியில் செய்தவரின் சராசரித் திறன் 245 வாட். ஒரே விநாடியில் செய்தவரின் திறன் 490 வாட். தூக்கிய எடையை மட்டும் பார்த்தால் இருவரும் சமம்; திறனில் ஒருவர் மற்றவரைப்போல் இருமடங்கு.

இளவட்டக்கல் தூக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குத்தவைத்து அமர்ந்து கல்லைக் கட்டிப்பிடித்து, தொடைக்கு ஏற்றி, அங்கிருந்து நெஞ்சுவரை அங்குலம் அங்குலமாக உருட்டிக் கொண்டுவரும் கட்டம் முழுவதும் வலிமையின் வேலை. அங்கே நிதானத்துக்கு இடமுண்டு. நெஞ்சிலிருந்து தோளுக்கு ஏற்றிப் பின்பக்கம் வீசும் கடைசிக் கட்டத்தில் நிதானித்தால் கல் வந்த வழியே இறங்கிவிடும். அங்கே வேண்டியது திறன். நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலையொட்டி நடக்கும் இளவட்டக்கல் போட்டியில் பெண்களும் கல் தூக்குகிறார்கள். அடுத்த முறை பார்க்கும்போது, தவறவிடுபவர்கள் எந்தக் கட்டத்தில் தவறவிடுகிறார்கள் என்று கவனியுங்கள்.

ஆண் பெண் ஒப்பீட்டில் இந்த வேறுபாடு முக்கியமானது. விசை, வேகம் இரண்டிலும் குறைவு இருந்தால், அவற்றின் பெருக்குத்தொகையான திறனில் அந்தக் குறைவு பெருகித் தெரியும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 39 பேரைக் கொண்டு நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், குத்துவிடுவதை ஒத்த கையசைவில் ஆண்களின் சராசரித் திறன் பெண்களுடையதைவிட 162 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல். பிடிவலிமையில் காணும் இடைவெளியைவிட இது மிகப் பெரியது. மேலுடம்பு, வேகம் என்ற இரண்டும் ஒன்றாகச் சேரும் இடத்தில்தான் வேறுபாடு உச்சத்தைத் தொடுகிறது.

கேள்வி: அப்படியானால் பெண்ணின் தசையே தரம் குறைந்தது என்று கொள்ளலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: கொள்ளக் கூடாது. இந்தத் துறையில் மிகத் தெளிவாக விடை கிடைத்த கேள்விகளில் இதுவும் ஒன்று. மேலே சொன்ன மெக்மாஸ்டர் ஆய்வில், தசையின் குறுக்குவெட்டுப் பரப்பையும் அளந்தார்கள். முழங்கையை மடக்கும் தசைகளின் பரப்பு பெண்களுக்கு 41 விழுக்காடும், முழங்காலை நீட்டும் தசைகளின் பரப்பு 25 விழுக்காடும் குறைவாக இருந்தன. ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டர் தசை எவ்வளவு விசை தருகிறது என்று வகுத்துப் பார்த்தபோது, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. சரக்கு ஒன்றே, இருப்புதான் வேறு.

இருப்பு எவ்வளவு வேறு என்பதை 2000இல் வெளியான எம்.ஆர்.ஐ. ஆய்வு ஒன்று காட்டுகிறது. 468 பேரின் உடலைப் படம்பிடித்ததில், ஆண்களிடம் சராசரியாக 33 கிலோ எலும்புத்தசையும் (எலும்போடு இணைந்து உடலை அசைக்கும் தசை), பெண்களிடம் 21 கிலோவும் இருந்தன. உடல் எடையில் பங்காகப் பார்த்தால் ஆணுக்கு 38 விழுக்காடு, பெண்ணுக்கு 31 விழுக்காடு. இதற்கான முதன்மைக் காரணம் டெஸ்டோஸ்டிரோன். பன்னிரண்டு வயதுவரை சிறுவர் சிறுமியர் ஓட்டத்திலும் தாண்டுதலிலும் ஏறத்தாழச் சேர்ந்தே செல்கிறார்கள். அதன்பின் சிறுவர்களின் உடலில் இந்த ஹார்மோன் பெருகி, வளர்ந்த ஆணிடம் அது பெண்ணிடம் உள்ளதைப்போல் ஏறத்தாழப் பதினைந்து மடங்காகிறது. மேலுடம்புத் தசை, எலும்பின் தடிமன், உயரம், ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆகிய அனைத்தும் அதன் வழியே கூடுகின்றன. பெண்ணின் தசையில் மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாங்கும் இழைகள் அடைத்துக்கொள்ளும் இடம் சற்று அதிகம் என்பது திறன் வேறுபாட்டுக்கு ஒரு கூடுதல் காரணம். ஆனால் அது துணைக் காரணம்தான்.

கேள்வி: பயிற்சி பெற்ற ஆணையும் பயிற்சி பெற்ற பெண்ணையும் ஒரே எடையில் நிறுத்தினால் வேறுபாடு மறைந்துவிடும் என்று என் பயிற்சியாளர் சொல்கிறார். உண்மையா?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: குறையும், மறையாது. பளுதூக்குதலில் இதைச் சோதிக்க இயற்கையாக அமைந்த ஒரு வாய்ப்பு 2019இல் தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் போட்டி. அப்போதைய விதிப்படி 55 கிலோ எடைப்பிரிவு ஆண்களுக்கும் இருந்தது, பெண்களுக்கும் இருந்தது. ஆண்களில் வடகொரியாவின் ஓம் யுன் சோல் ஸ்நாட்ச்சில் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 128, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (தோளில் நிறுத்திப் பின் தலைக்கு மேல் தூக்குவது) 166 என மொத்தம் 294 கிலோ தூக்கினார். பெண்களில் சீனாவின் லியாவ் சியூயுன் 98, 129 என மொத்தம் 227 கிலோ தூக்கினார். ஒரே போட்டி, ஒரே எடை, இருவரும் உலகச் சிகரத்தில் நிற்பவர்கள். பெண்ணின் மொத்தம் ஆணுடையதில் 77 விழுக்காடு. எடையைச் சமப்படுத்தினாலும் தசையின் பங்கு சமமாவதில்லை என்பதே எஞ்சிய 23 விழுக்காட்டில் பெரும்பகுதிக்கு விளக்கம்.

வேறு விளையாட்டுகளையும் அருகில் வைத்துப் பாருங்கள். 100 மீட்டர் ஓட்டத்தின் உலகச் சாதனைகளான உசைன் போல்ட்டின் 9.58 விநாடியையும் புளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னரின் 10.49 விநாடியையும் வேகமாக மாற்றினால் பெண்ணின் வேகம் ஆணுடையதில் 91 விழுக்காடு. நீளம் தாண்டுதலின் உலகச் சாதனைகளில் ஆணின் 8.95 மீட்டருக்கு எதிரே பெண்ணின் 7.52 மீட்டர்; 84 விழுக்காடு. தன் உடலைக் கால்களால் நகர்த்தும் இடத்தில் இடைவெளி சிறிதாகவும், வெளியிலுள்ள எடையைக் கைகளால் மேலே ஏற்றும் இடத்தில் பெரிதாகவும் இருக்கிறது. குண்டு எறிதலின் உலகச் சாதனைகள் 23.56 மீட்டர், 22.63 மீட்டர் என்று நெருங்கி நிற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆணின் குண்டு 7.26 கிலோ, பெண்ணின் குண்டு 4 கிலோ.

ஆனால் உங்கள் பயிற்சியாளர் சொல்ல வந்தது வேறாகவும் இருக்கலாம். பயிற்சி பெற்ற பெண்ணுக்கு எதிரே பயிற்சி பெறாத ஆணை நிறுத்தினால் படம் தலைகீழாகிவிடும். 49 கிலோ எடைப்பிரிவில் போட்டியிட்ட இந்தியப் பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தினார். ஜிம் வாசலே மிதிக்காத, அவரைவிட இருபது கிலோ கூடுதல் எடையுள்ள ஆணுக்கு அந்தக் கம்பியை நெஞ்சுவரை கொண்டுவருவதே நடவாத காரியம். பிடிவலிமையில் உயர்நிலை வீராங்கனையும் சாதாரண ஆணிடம் பின்தங்குவதும், முழு உடலையும் நுட்பத்தையும் கோரும் தூக்கலில் அவர் அந்த ஆணை எட்டாத தொலைவுக்கு விஞ்சுவதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. ஒரே தசைக்கூட்டத்தின் அழுத்தத்தை அளப்பது ஒன்று; கணுக்கால் முதல் தோள்வரை வரிசை தவறாமல் இயங்கப் பழகிய உடலை அளப்பது இன்னொன்று.

கேள்வி: பளு தூக்கினால் ஆண்களைப்போல் உடம்பு திரண்டுவிடும் என்று என் மாமியார் அஞ்சுகிறார். நானும் கொஞ்சம் அஞ்சுகிறேன்.
– ஒரு வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: அத்தையிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அமெரிக்காவில் 585 பேருக்கு, அவர்களில் 342 பேர் பெண்கள், பன்னிரண்டு வாரம் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்து அளந்த முடிவுகள் 2005இல் வெளிவந்தன. தசையின் பரப்பு ஆண்களுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடும் பெண்களுக்கு 18 விழுக்காடும் கூடின. ஒருமுறை தூக்கக்கூடிய உச்ச எடையோ ஆண்களுக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியிருக்க, பெண்களுக்கு 64 விழுக்காடு கூடியிருந்தது. பெண் தன் தொடக்க நிலையிலிருந்து விகிதத்தில் ஆணுக்கு இணையாகவோ கூடுதலாகவோ முன்னேறுகிறார். ஆனால் தொடக்க நிலையே சிறிதாக இருப்பதால், சேரும் தசை கிலோக்கணக்கில் ஆணுடையதைவிடக் குறைவு. முதல் சில வாரங்களில் கூடும் வலிமையில் பெரும்பகுதி தசை வளர்ச்சியால் வருவதும் அன்று. இருக்கும் தசையிழைகளை ஒருசேர இயக்க நரம்புகள் கற்றுக்கொள்வதால் வருவது. புடவைக்கோ சட்டைக்கோ அதனால் எந்தக் கேடும் வராது.

அதே ஆய்வில் ஆளுக்கு ஆள் கிடைத்த வேறுபாடு, ஆண் பெண் வேறுபாட்டைவிடப் பெரியது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் சிறிதும் வலிமை கூடாதவர்களும் இருந்தார்கள். 250 விழுக்காடு கூடியவரும் இருந்தார். பக்கத்தில் பயிற்சி செய்பவரைப் பார்த்து மனம் தளர்வது, எனவே, அறிவியல்படியும் தேவையற்றது.

கேள்வி: காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். இரண்டாம் நிலைக் காவலர் உடல்திறன் போட்டியில் ஆண்களுக்குக் கயிறு ஏறுதல் இருக்கிறது. பெண்களுக்கு அது இல்லாமல் குண்டு எறிதல் அல்லது பந்து எறிதல் இருக்கிறது. இது சலுகையா, அவமதிப்பா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: கயிறு ஏறுதல் என்பது ஒப்பீட்டின் இரண்டு பாதகங்களும் சேரும் இடம். முழு உடல் எடையையும் பெரும்பாலும் மேலுடம்பே தூக்க வேண்டும். அந்த எடையில் தசையல்லாத பங்கு பெண்ணுக்கு இயல்பிலேயே கூடுதல். அமெரிக்க ராணுவம் இதை அனுபவத்தில் கற்றது. ஆண் பெண் இருவருக்கும் ஒரே அளவுகோல் என்ற கொள்கையோடு அது கொண்டுவந்த புதிய உடல்தகுதித் தேர்வில், கம்பியில் தொங்கியபடி முழங்கால்களை முழங்கைவரை உயர்த்தும் பகுதி ஒன்று இருந்தது. பெண்கள் பெருமளவில் அதில் தோற்றார்கள். 2022இல் அந்தப் பகுதி நீக்கப்பட்டது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்பத் தனித்தனி மதிப்பெண் வரையறைகளும் வந்தன. போர்முனைப் பிரிவுகளுக்கு மட்டும் ஒரே அளவுகோல் என்ற ஏற்பாடு 2025இல் திரும்பவும் அறிவிக்கப்பட்டது.

என் கருத்து இது. ஒருவர் தன் உடலை எவ்வளவு செவ்வையாக வைத்திருக்கிறார் என்று அறிவதுதான் தேர்வின் நோக்கம் என்றால், அளவுகோல் தனித்தனியாக இருப்பதே நேர்மை. ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்ய இயலுமா என்று அறிவதே நோக்கம் என்றால், வேலை ஆள் பார்த்து எடையைக் குறைத்துக்கொள்ளாது. அங்கே அளவுகோல் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். நம் தேர்வு முதல் வகையைச் சேர்ந்தது என்றே நான் கருதுகிறேன். எப்படியிருந்தாலும், புல்லப் கம்பியில் (தலைக்கு மேலுள்ள கிடைக்கம்பி) தொங்கி, மேலிருந்து மெதுவாக இறங்கும் பயிற்சியை வாரம் இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். எறிதலுக்கும் அந்தத் தோள் உதவும்.

கேள்வி: ஒரே எடையைத் திரும்பத் திரும்பத் தூக்கச் சொன்னால் என் மனைவி என்னைவிடக் கூடுதல் முறை தூக்குகிறார். ஏன்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இருவரும் அவரவர் உச்ச வலிமையில் ஒரே விகித எடையைத் தூக்கினீர்கள் என்றால் வியப்பில்லை. மிதமான சுமையில் பெண்களின் தசை மெதுவாகக் களைக்கிறது என்பது நன்கு அறியப்பட்டது. களைப்பைத் தாங்கும் இழைகளின் பங்கும், பெரிய தசை இறுகும்போது அதற்குள் ரத்தவோட்டம் தடைப்படுவது ஆண்களிடம் அதிகம் என்பதும் காரணங்கள். உச்ச எடையை நெருங்க நெருங்க இந்தச் சாதகம் சுருங்கிவிடும். உங்கள் இருவர் கையிலும் இருந்தது அதே பத்துக் கிலோ டம்பெல் என்றால், விளக்கம் எளிது: அவர் உங்களைவிட வலிமையானவர்.

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. தரையிலிருந்து எழ மிகவும் சிரமப்படுகிறார். அவருக்குத் தேவைப்படுவது வலிமையா, திறனா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டும், ஆனால் முதலில் கரைவது திறன். முதுமையில் வலிமை ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு விழுக்காடு குறைகையில், கால்களின் திறன் அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் குறைகிறது. தடுக்கியவர் விழாமல் காலை முன்வைத்து நிற்பதற்கு நேரம் மிகச் சிறிதே கிடைக்கும் என்பதால், விழுவதும் விழாமலிருப்பதும் பெரிதும் திறனைப் பொறுத்தவை. பெண்களின் நிலை இதில் கூடுதல் கவலைக்குரியது: இளமையில் சேர்த்த இருப்பு குறைவு என்பதால், எழுந்து நடமாடத் தேவையான குறைந்தபட்ச அளவை அவர்கள் ஆண்களுக்குப் பல ஆண்டுகள் முன்பே தொட்டுவிடுகிறார்கள். ஆண் பெண் ஒப்பீட்டில் விளையாட்டுச் சாதனைகளைவிட இதற்குத்தான் நான் அதிகம் முக்கியத்துவம் கொடுப்பேன்.

ஆசிய மருத்துவ வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவுகளின்படி, பிடிவலிமை ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் அது தசைநலிவின் அறிகுறி. கருவி இல்லாமல் வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. சுவரோரம் போட்ட, கைப்பிடியில்லாத நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். பன்னிரண்டு விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும்.

வயதாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில் சராசரி 90 வயதுள்ளவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்த ஆய்வு 1990இல் வெளியானது. முடிவுவரை நின்ற ஒன்பது பேரின் தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. ரத்த அழுத்தம், இதயம், மூட்டு ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அந்த நாற்காலியையே பயிற்சிக் கருவியாக்குங்கள். வாரம் இரண்டு மூன்று நாள், எட்டெட்டு முறையாக இரண்டு சுற்று போதும். எழும்போது முடிந்த அளவு வேகமாக எழ வேண்டும். உட்காரும்போது மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்க வேண்டும். எட்டும் எளிதாகிவிட்டால், ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.